கம்பத்துக் கிளினிக்கில் ஒரு காய்ச்சல் நோட்டு

தேனி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய கம்பத்தில் மாலை ஆறு மணி என்பது ஜீப்புகள் இறங்கும் நேரம். விடியற்காலையில் கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மலையேறி, வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் பகல் முழுவதும் காயெடுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள், கையில் தூக்குவாளியும் மழைக்குப் போர்த்தித் தோளில் மடித்துப் போட்ட கொங்காணியுமாக இறங்குவார்கள். வீட்டுக்குப் போய் உலை வைக்கும் முன்பே, உடம்புக்கு முடியாதவர்கள் நேராக என் கிளினிக்குக்கு வந்துவிடுவார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஊரில் குடும்ப மருத்துவராக இருக்கும் எனக்கு, ஐப்பசி மாலைகளை நினைத்தாலே ஈரச் சேலையின் வாசனையும் காய்ச்சலும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

அப்படி ஓர் ஐப்பசியில் வந்த பெண்ணைப் பற்றிச் சொல்லித்தான் இதைத் தொடங்க வேண்டும். நாற்பது வயதிருக்கும். ஐந்தாவது நாளாகக் காய்ச்சல், பொறுக்க முடியாத தலைவலி, கண் சிவந்திருந்தது. இரண்டு நாளுக்கு முன்பும் அவர் என்னிடம் வந்திருந்தார். தொண்டையைப் பார்த்தேன், நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தேன், சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை எழுதி அனுப்பியிருந்தேன். இம்முறை அவரைப் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போது, பாவாடை நாடா இறுகக் கட்டியிருந்த இடத்துக்குச் சற்றுக் கீழே மிளகளவில் ஒரு கறுத்த பொருக்கும் அதைச் சுற்றிச் செந்நிற வளையமும் தெரிந்தன. பீடியால் சுட்டது போன்ற தோற்றம். அழுத்தினால் வலி இல்லை. அரிப்பும் இல்லை என்றார். "அது அட்டக்கடி டாக்டரம்மா, மலைக்குப் போனா இல்லாமயா இருக்கும்" என்று நாடாவை மீண்டும் மேலே இழுத்துக்கொண்டார். அட்டை கடித்தால் ரத்தம் கசியும், அரிக்கும், அப்படிக் கருகிப் போகாது. அது உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைஃபஸ். கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் இளம்புழு, செடி மறைவிலிருந்து உடம்பில் ஏறி, ஆடை இறுகிய இடத்தில் நின்று கடித்ததன் அடையாளம். டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அவர் மறுவாரமே வேலைக்குப் போய்விட்டார்.

ஆனால் எனக்கு அந்த வாரம் சரியாகத் தூக்கம் வரவில்லை. இரண்டு நாளுக்கு முன்பு அதே நாடாவுக்குக் கீழே அந்தப் பொருக்கு இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. மலையிலிருந்து காய்ச்சலோடு இறங்கும் எத்தனை பேரை இப்படிப் பார்க்காமல் அனுப்பியிருப்பேன் என்ற கேள்வி எழுந்தது. மூன்றாம் நாளில் இந்த நோய் எப்படி இருக்கும், அந்தப் பொருக்கு எந்த இடங்களில் ஒளிந்திருக்கும், தோட்ட வேலை செய்பவர்களுக்கு ஏன் இவ்வளவு தாமதமாகிறது என்று புத்தகங்களைப் புரட்டினேன். கிடைத்தவை பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளின் படுக்கைகளில் எழுதப்பட்டவை. அங்கே நோயாளி போய்ச் சேரும்போது மூச்சுத் திணறலும், சிறுநீரகக் கோளாறும், ரத்தத் தட்டணுக் குறைவும் வந்திருக்கும். அந்த நோயாளிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. தீவிர உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளினையும் அஜித்ரோமைசினையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியே கொடுப்பது, ஒன்றை மட்டும் தனியாகக் கொடுப்பதைவிட மேலானது என்று இந்தியாவின் ஏழு மையங்களில் 794 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. நம் நாட்டு மருத்துவர்கள் உலகுக்குக் கொடுத்த பதில் அது. ஆயினும் மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக்கு, ரத்தப் பரிசோதனையில் இன்னும் எதுவும் தெரியாத நிலையில், என் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றிய கேள்வி எந்தப் பெரிய மருத்துவமனைக்கும் எழ வாய்ப்பில்லை. அவர்கள் அந்த மூன்றாம் நாளைப் பார்ப்பதே இல்லை.

இது என் ஊருக்கு மட்டும் உரிய செய்தியன்று. 1961-இல் கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஆயிரம் பெரியவர்களை ஒரு மாதம் கவனித்தால், அவர்களில் 750 பேர் ஏதோ ஒரு நோயையோ காயத்தையோ சொல்கிறார்கள். 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனை வரை போய்ச் சேர்பவர் ஒரே ஒருவர். மருத்துவப் பாடமும் ஆய்வும் பெரும்பாலும் அந்த ஒருவரைச் சுற்றியே நடக்கின்றன. மீதி 249 பேரில் பெரும்பாலோர் நம்மிடம்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் எழுதி வைக்கவில்லை என்றால் வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதை நான் புரிந்துகொள்ள ஒரு பாவாடை நாடா வேண்டியிருந்தது.

எழுதி வைத்த குடும்ப மருத்துவர்கள் இருந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மாவட்டத்தில் ஐஸ்கார்த் என்ற கிராமத்தில் வைத்தியம் பார்த்த வில்லியம் பிக்கிள்ஸ், தன் பள்ளத்தாக்கில் யாருக்கு எந்தத் தேதியில் என்ன நோய் வந்தது, அவர் அதற்கு முன் யாரைச் சந்தித்தார் என்று ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தார். மஞ்சள் காமாலை போன்ற தொற்று நோய்களின் நோயரும்பு காலத்தை, அதாவது தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தெரியும் வரையான நாட்களை, அந்தக் குறிப்புகளிலிருந்தே அவரால் சொல்ல முடிந்தது. ஊரில் எல்லோரும் எல்லோரையும் அறிந்திருந்ததால், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பது நகரத்து மருத்துவமனைக்குத் தெரியாத அளவுக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. ராபர்ட் கோக் ஆந்த்ராக்ஸ் கிருமியின் வாழ்க்கைச் சுற்றைக் கண்டறிந்து 1876-இல் வெளியிட்டபோது அவரும் ஒரு சிற்றூரின் மாவட்ட மருத்துவராகத்தான் இருந்தார். நம் பக்கத்திலேயே ஒன்று உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், காசநோயாளியைச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் வைத்திருந்தால்தான் குணமாகுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் ஆகாதா என்று கேட்டது. 193 நோயாளிகளை வைத்துச் செய்த அந்த ஆய்வு 1959-இல் வெளியானது. வீட்டில் மருந்து எடுத்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள், அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று அது காட்டியது. நெரிசலான சிறு வீடுகளில் இருந்த ஏழை மக்களிடமிருந்து கிடைத்த விடை, உலகம் காசநோய்க்கு மருந்து கொடுக்கும் முறையையே மாற்றியது.

இவ்வளவு தெரிந்திருந்தும் நான் நெடுநாள் ஆய்வு என்றாலே ஒதுங்கியிருந்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பு தொலைவிலிருந்த ஒரு கல்லூரியிலிருந்து ஒரு குழுவினர் வந்தார்கள். சர்க்கரை நோயாளிகளைப் பற்றிய ஆய்வு என்றார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் பதினொரு பக்கப் படிவம். ஒரு மழைக்காலம் முழுக்க இரவு ஒன்பதரை மணிக்குக் கிளினிக்கைச் சாத்திய பிறகு, நானும் எங்கள் கம்பவுண்டர் அண்ணனும் உட்கார்ந்து அவற்றை நிரப்பினோம். கட்டுகளை வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு ஒரு கடிதம் இல்லை, ஒரு தொலைபேசி அழைப்பு இல்லை. அந்த ஆய்வில் என்ன தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நோயாளிகள் சில மாதங்கள் வரை, "அன்னிக்கு எழுதுனீங்களே, என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லாததுதான் பெரிய வருத்தமாக இருந்தது. குடும்ப மருத்துவர்கள் ஆய்வுக்கு வர மறுக்கிறார்கள் என்று குறை சொல்பவர்கள், முன்பு வந்தவர்களை எப்படி அனுப்பி வைத்தோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நான் அழுத்தமாகவே சொல்வேன்.

இரண்டாவது முறை வேறு விதமாகத் தொடங்கியது. சமூக மருத்துவத் துறையில் பணியாற்றும் ஒரு பேராசிரியர், ஒரு கூட்டத்தில் நான் அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு மாலை முழுவதும் என் அறையின் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தரை மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் வந்து போனதைப் பார்த்தார். எல்லாம் முடிந்த பிறகு அவர் படிவம் எதையும் நீட்டவில்லை. "உங்களுக்கு என்னம்மா தெரிஞ்சாகணும்?" என்று மட்டும் கேட்டார். ஒரு குடும்ப மருத்துவரை ஆய்வுக்கு அழைப்பதற்கு இதைவிடச் சரியான கேள்வி இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன். அவருடைய கேள்வியை என்னிடம் கொண்டுவராமல், என் கேள்வியை என்னிடமே கேட்டு வாங்கினார்.

என் கேள்வியை நான் சொல்லச் சொல்ல அது பெருகிக்கொண்டே போனது. ஈரல் வீக்கம் வேண்டும், ரத்த அணுக்கள் வேண்டும், தோட்டத்தின் உயரம் வேண்டும், முன்பு எடுத்த மருந்துகள் வேண்டும் என்று இருபத்து மூன்று கட்டங்கள் ஆயின. அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார்: "இந்தக் கட்டத்தில் வரும் விடையை வைத்து நாளை என்ன மாற்றிச் செய்வீர்கள்?" எதையும் மாற்றமாட்டேன் என்று நான் ஒத்துக்கொண்டவற்றை அடித்தார். கடைசியில் ஆறு நின்றன: வயது, ஆணா பெண்ணா, கடந்த மூன்று வாரத்தில் மலைக்குப் போனாரா, இது காய்ச்சலின் எத்தனையாவது நாள், பொருக்கு இருந்ததா, இருந்தால் எந்த இடத்தில். மூன்று வாரம் என்று வைத்ததற்குக் காரணம், கடித்த நாளிலிருந்து காய்ச்சல் வருவதற்கு அவ்வளவு நாள் வரை ஆகலாம் என்பதுதான். கம்பவுண்டர் அண்ணன் கடைத்தெருவில் நீள நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். ஒரு வரியை நிரப்ப அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிடத்தைத்தான் நெரிசல் மிகுந்த கிளினிக் ஒன்று ஆய்வுக்குத் தர முடியும். அதற்கு மேல் கேட்கும் எந்த ஆய்வும் இரண்டாம் வாரத்தில் நின்றுவிடும்.

கட்டம் போட்ட பிறகுதான் சொற்களின் சிக்கல் தொடங்கியது. காய்ச்சல் என்றால் என்ன? எங்கள் ஊரில் பலருக்கு உள்காய்ச்சல் உண்டு. தெர்மாமீட்டரில் ஏறாது, உடம்பு வலிக்கும், வாய் கசக்கும், "உள்ளுக்குள்ள காயுது" என்பார்கள். அவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா? நூறு புள்ளி நான்கு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் அளந்தவர்களை மட்டும் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். ஆனால் காலையில் மெடிக்கலில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுவிட்டு வருபவருக்கு மாலையில் அளந்தால் ஏறியிருக்காது. எனவே, "கடந்த ஒரு நாளுக்குள் மாத்திரை போட்டாரா" என்று ஏழாவது கட்டம் ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று. நாள் கணக்கும் அப்படித்தான். திங்கள் இரவு காய்ச்சல் வந்து புதன் மாலை வந்தால் அது இரண்டாம் நாளா, மூன்றாம் நாளா? ஆளுக்கு ஒரு கணக்கு. காய்ச்சல் வந்த தேதியையே எழுதுவது, நாளை நாம் பிறகு கணக்கிடுவது என்று மாற்றினோம். இந்தச் சிறு திருத்தங்கள் நோட்டு தொடங்குவதற்கு முன்பே நடந்ததால் தப்பித்தோம்.

குமுளியில் கிளினிக் வைத்திருக்கும் மலையாள மருத்துவர் ஒருவர் எனக்கு நெடுநாள் நண்பர். தோட்டத்திலேயே லயங்கள் எனும் வரிசை வீடுகளில் தங்கும் தொழிலாளர்கள் அவரிடம் போவார்கள். ஜீப்பில் இறங்குபவர்கள் என்னிடம் வருவார்கள். நோய் ஒரே காட்டில் தொற்றுகிறது. கணக்கு மட்டும் இரண்டு மாநிலங்களில் பிரிந்து போகிறது. ஆகவே அவரும் ஒரு நோட்டு போட்டார். முதல் வாரத்து நோட்டைப் பார்த்தபோது, அவருடைய உதவியாளர் தமிழ் எழுத்தில் பல வரிகளில் 'பனி' என்று எழுதியிருந்தார். எங்கள் கம்பவுண்டர் அண்ணன் அதைப் படித்துவிட்டு, பனியில் நனைந்தவர்கள் என்று குறித்திருக்கிறார்கள் போலும் என்று எண்ணி அந்த வரிகளைத் தனியே வைத்துவிட்டார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல்; உண்ணிக் காய்ச்சலை அங்கே செள்ளுப்பனி என்பார்கள். தொலைபேசியில் பேசித் தீர்த்துக்கொண்டோம். எல்லையோரத்தில் இருவர் சேர்ந்து ஆய்வு செய்வதென்றால், எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்திட்டு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். நாங்கள் இரண்டாம் வாரத்தில்தான் ஒட்டினோம்.

இதில் எனக்கு மிகவும் கற்றுக்கொடுத்தது ஒப்புதல் வாங்கும் வேலை. தனியார் கிளினிக் வைத்திருக்கும் ஒருவருக்குச் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு சொந்தமாகக் கிடையாது. அதனாலேயே பலர் இந்தப் பக்கம் வருவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள், குழு இல்லாத இடங்கள் வேறொரு நிறுவனத்தின் குழுவோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அதன் அனுமதியைப் பெற வழி தருகின்றன. பேராசிரியர் அந்த வழியைக் காட்டினார். சின்ன நோட்டுதானே, இதற்கு எதற்கு அனுமதி என்று நான் முதலில் நினைத்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குழுவிலிருந்து வந்த கேள்விகளைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

அவர்கள் கேட்ட முதல் கேள்வி: சிகிச்சை தரும் மருத்துவரே ஒப்புதல் கேட்டால், நோயாளியால் எப்படி மறுக்க முடியும்? நான் சோதித்துப் பார்த்தேன். இருபது ஆண்டுகளாகத் தெரிந்த ஒரு பாட்டியிடம் முழுவதையும் விளக்கிவிட்டு, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். "நீங்க சொன்னாச் சரித்தான் தாயி, எங்க ரேகை வைக்கணும்?" என்று பெருவிரலை நீட்டினார். விளக்கியது எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. அவர் ஆய்வுக்குச் சம்மதிக்கவில்லை, எனக்குச் சம்மதித்தார். குடும்ப மருத்துவரின் பெரிய பலமாகிய அந்த நம்பிக்கையே இங்கே பெரிய ஆபத்தும் ஆகிறது. அதனால் முறையை மாற்றினோம். நான் பார்த்து, மருந்து எழுதிக் கொடுத்து, நோயாளி அறையை விட்டு வெளியே வந்த பிறகு, நர்ஸ் வாசலருகே உட்கார வைத்து விளக்குவார். பொருக்கு இருக்கிறதா என்று உடம்பைத் தேடிப் பார்ப்பது எல்லோருக்கும் செய்ய வேண்டிய வைத்தியம். அதை நோட்டில் எழுதலாமா என்பதற்கு மட்டும்தான் சம்மதம் கேட்கிறோம் என்பதை முதல் வரியிலேயே சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால், எங்கள் கிளினிக்கைச் சேராத ஒருவர் சாட்சியாக உடனிருப்பார். யார் மறுத்தார்கள் என்பது பருவம் முடியும் வரை எனக்குத் தெரியாது. நான்கைந்து பேர் மறுத்திருந்தார்கள் என்று பிறகு அறிந்தபோது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. ஒருவரும் மறுக்கவில்லை என்றால்தான் கவலைப்பட்டிருப்பேன்.

மறுத்தவர்களில் ஒருவர் சொன்ன காரணம் எங்கள் நோட்டையே திருத்தியது. முதலில், மலைக்குப் போனாரா என்ற கட்டத்திலேயே எந்தத் தோட்டம் என்றும் கேட்டு எழுதினோம். "பேரை எழுதுனா கங்காணிக்குத் தெரிஞ்சு நாளைக்கு ஜீப்புல ஏத்த மாட்டாங்க" என்றாராம். ஆய்வு என்ற சொல்லே அவர்கள் காதில் சோதனை நடத்த வரும் அதிகாரியைத்தான் நினைவூட்டுகிறது. தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, மலைக்குப் போனாரா இல்லையா என்பதோடு நிறுத்திக்கொண்டோம். நோட்டில் பெயருக்குப் பதில் எண் மட்டும் இருக்கும். எண்ணுக்குரிய பெயர் என் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கும் இன்னொரு தாளில் இருக்கும்.

முதல் பருவம் முடிந்து நோட்டைப் பேராசிரியரிடம் கொடுத்தபோது, புள்ளியியல் பார்க்கும் அவருடைய மாணவி ஒரு கேள்வி கேட்டார்: "இந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஏன் காலியாக இருக்கின்றன?" ஞாயிறுதான் ஜீப் ஓடாத நாள். மலைக்குப் போகிறவர்கள் கூட்டமாக வருவது அன்றுதான். கூட்டம் தாங்காமல் அன்றைக்கு நோட்டை விட்டுவிட்டோம். அதாவது, எங்களுக்கு யாரைப் பற்றித் தெரிய வேண்டுமோ அவர்கள் வந்த நாளில் மட்டும் எழுதாமல், மற்ற நாட்களில் ஒழுங்காக எழுதியிருந்தோம். அந்த நோட்டிலிருந்து எத்தனை பேருக்கு நோய் இருந்தது என்று சொல்லவே முடியாது என்று அவர் விளக்கினார். ஒரு பருவத்து உழைப்பின் பாதி அப்படிப் போயிற்று. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த மாணவி சொன்ன தீர்வு எளிமையானது. எல்லா நாளும் எழுத முடியாதென்றால், முன்கூட்டியே இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒன்று ஞாயிறாக இருக்கட்டும். அந்த இரு நாட்களில் காய்ச்சலோடு வரும் ஒருவரையும் விடாதீர்கள். இரண்டாம் பருவத்தில் ஞாயிறும் புதனும் எழுதினோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நோட்டுக்கென்று ஒரு பெண்ணைக் கூலிக்கு அமர்த்தினேன். அந்தக் கூலியைப் பேராசிரியரின் துறை கொடுத்தது. இந்தச் சிறு தொகையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: தனியார் மருத்துவர் ஒருவர் செலவிடும் ஒவ்வொரு கால் மணி நேரமும் அவருடைய வாடகையிலிருந்தும் ஊழியர் சம்பளத்திலிருந்தும் வருவது. சேவை மனப்பான்மையை மட்டும் நம்பித் திட்டம் போடுபவர்கள் ஒரு பருவத்துக்கு மேல் ஆளைத் தக்கவைக்க முடியாது.

எங்களுக்குத் தெரியவந்தது சிறிய செய்திதான். இரண்டு ஊர்களில் உள்ள இரண்டு கிளினிக்குகளின் நோட்டை வைத்துப் பெரிதாக எதையும் அறுதியிட முடியாது. பொருக்கு இருந்த இடங்கள் பெரிய மருத்துவமனைகள் சொன்னவற்றோடு ஒத்திருந்தன: அக்குள், மார்பின் அடி, இடுப்பு நாடாவின் கீழ், ஆண்களுக்குத் தொடையிடுக்கு. அவை பார்க்கக் கூச்சப்படும் இடங்கள். நாங்கள் எதிர்பாராதது தேதிக் கட்டத்தில் இருந்தது. மலைக்குப் போகிறவர்கள் நோயை அறியாமல் தாமதிக்கிறார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். ஆனால் காய்ச்சல் வாரத்தின் எந்த நாளில் தொடங்கியிருந்தாலும், அவர்கள் வந்த நாள் பெரும்பாலும் ஞாயிறாகவே இருந்தது. ஒரு நாள் கூலியை விட முடியாததுதான் காரணம். விழிப்புணர்வு நோட்டீஸ் ஒட்டுவதால் இந்தத் தாமதம் குறையாது என்று தெரிந்த பிறகு, வார நாட்களில் ஜீப் இறங்கும் நேரத்தில் காய்ச்சல் உள்ளவர்களை முதலில் பார்ப்பது, டோக்கனுக்குக் காக்க வைப்பதில்லை என்று கிளினிக்கின் வழக்கத்தை மாற்றினேன். குமுளி நண்பரும் அப்படியே செய்தார்.

முடிவைக் கொண்டுபோய் முதலில் சொன்னது ஜீப் நிற்கும் இடத்தில். பழைய பதினொரு பக்கப் படிவத்தின் நினைவு என்னை விடவில்லை. ஒரு நாள் விடியற்காலை நர்ஸும் நானும் போய், நோயாளிகளின் பெயரோ தோட்டமோ சொல்லாமல், என்ன பார்த்தோம், என்ன தெரிந்தது, எங்கே பொருக்கு ஒளிந்திருக்கும், மாலையில் வீட்டுக்குப் போனதும் குளித்து உடுத்திய துணியை மாற்ற வேண்டியது ஏன் என்று பேசினோம். ஜீப் ஓட்டும் தம்பிகள்தான் அதிகம் கேள்வி கேட்டார்கள். அதன் பிறகே மாவட்ட மருத்துவர்கள் கூட்டத்தில் பேசினேன். பேச்சுத் தாளின் மேலே குமுளி நண்பரின் பெயரும் நர்ஸின் பெயரும் கம்பவுண்டர் அண்ணனின் பெயரும் இருக்க வேண்டும் என்று பேராசிரியரே வலியுறுத்தினார். அண்ணன் அந்தத் தாளை லேமினேட் செய்து வீட்டில் வைத்திருக்கிறார்.

இப்போது இளம் மருத்துவர்களுக்கு வழிகள் கூடியிருக்கின்றன. குடும்ப மருத்துவத்தில் டிஎன்பி என்ற முதுநிலைப் படிப்பைப் படிப்பவர்கள் ஆய்வேடு எழுதியாக வேண்டும். வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரி, வேலையில் இருந்துகொண்டே குடும்ப மருத்துவம் படிக்கத் தொலைநிலைப் படிப்பு நடத்துகிறது. 2012 முதல் இந்தியாவிலிருந்து குடும்ப மருத்துவத்துக்கென்றே ஓர் ஆய்விதழும் வருகிறது. கொரோனா காலத்தில் நாமெல்லாம் அஜித்ரோமைசின் எழுதிக்கொண்டிருந்தோம், நானும் எழுதினேன். வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்கு அது குணமாகும் காலத்தைக் குறைக்கவில்லை என்று 2021-இல் காட்டியது பிரிட்டனில் நடந்த பிரின்சிபிள் என்ற ஆய்வு. அது நடந்தது குடும்ப மருத்துவர்களின் நோயாளிகளிடம். அதே கேள்வி நம் கிளினிக்குகளிலும் இருந்தது. கேட்டுப் பார்க்க ஓர் அமைப்புதான் இருக்கவில்லை. இரண்டு மூன்று ஊர்களின் குடும்ப மருத்துவர்கள் ஒரே நோட்டை வைத்திருந்தால் அப்படிப்பட்ட அமைப்பின் தொடக்கம் அதுவாக இருக்கும் என்பது என் நம்பிக்கை.

பக்கத்து ஊர்களான கூடலூரிலும் உத்தமபாளையத்திலும் உள்ள இரு மருத்துவர்கள் அந்த நோட்டைக் கேட்டார்கள். எங்கள் கட்டங்களை அப்படியே நகல் எடுத்துக் கொடுக்காமல், ஆளுக்கொரு வெற்று நோட்டை வாங்கிக் கொடுத்து, முதல் பக்கத்தில் அவரவர் கேள்வியை ஒரே வரியில் எழுதி வரச் சொன்னேன். உத்தமபாளையத்துக்காரர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். கூடலூர் மருத்துவர் மறுவாரம் கொண்டுவந்து காட்டினார். திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிக்கும் பருவத்தில் மாலையில் தலைவலியும் வாந்தியுமாக வருபவர்கள் எத்தனை பேர், அவர்களில் கையுறையும் முகமூடியும் போட்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்பதே அவருடைய வரி. தெளித்த மருந்தின் பெயரைக் கேட்பதா, டப்பாவையே கொண்டுவரச் சொல்வதா என்று அன்று இரவு பத்து மணி வரை பேசிக்கொண்டிருந்தோம். டப்பாவைக் கொண்டுவரச் சொல்வது என்று முடிவாயிற்று. அடுத்த கவாத்து முடிந்ததும் தொடங்குகிறார்.